விரதம் என்று நினைத்தோம்



ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளிகளில் உயரமும் எடையும் அளக்கும் நாள் ஒன்று உண்டு. வகுப்பறை மூலையில் எடைப்பொறியை வைத்து, சுவரில் அளவுநாடாவை ஒட்டி, பெயர்ப்பட்டியலின்படி மாணவர்களை ஒவ்வொருவராக அழைப்போம். ஆசிரியர் எண்ணை உரக்கச் சொல்ல, வகுப்புத் தலைவர் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். வேலை விரைவாக முடியும். நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் செய்துவந்தேன். இதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

2004ஆம் ஆண்டில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் எடையை அவ்வாறே உரக்கச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் அவளுக்குப் பட்டப்பெயர் சூட்டினான். நான் அவனைக் கண்டிக்கவில்லை. மெல்லச் சிரித்துக்கொண்டே, "சரி, சரி, அமைதி" என்று கூறிவிட்டு அடுத்த பெயரை வாசித்தேன். அம்மாணவி தலையைக் குனிந்தபடி தன் இடத்திற்குத் திரும்பினாள். அன்று மாலைக்குள் அதை நான் மறந்துவிட்டேன்.

2009ஆம் ஆண்டில் அவளுடைய தாயார் என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். மகள் அப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கில் இருந்தாள். காலைச் சபைகூடலில் மயங்கி விழுந்து, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தாள். தாயார் சொன்னதை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்.

"டீச்சர், வெள்ளிக்கிழமை விரதம்னுதான் ஆரம்பிச்சா. அப்புறம் செவ்வாய், சனின்னு கூடிக்கிட்டே போச்சு. இந்தக் காலத்துப் புள்ளைக்கு இவ்ளோ பக்தியான்னு சொந்தக்காரங்க எல்லாம் பாராட்டுனாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு."

மருத்துவர்கள் அந்நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்கள்: அனோரெக்சியா நெர்வோசா. ஆலோசகரிடம் பேசும்போது, தான் மறக்காத நாள்களுள் ஒன்றாக என் வகுப்பில் எடை பார்த்த நாளை அவள் குறிப்பிட்டிருக்கிறாள். தாயார் என்னைக் குறை கூற வரவில்லை. தம் மகள் என்னைப் பார்க்க விரும்புவதாகச் சொல்லத்தான் வந்தார். அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

நான் மருத்துவர் அல்லேன். ஆயினும் அந்நாளுக்குப் பிறகு இந்நோயின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. இது உணவை மறுத்த பெண்பிள்ளைகளின் வரலாறு மட்டுமன்று. அவர்களைச் சூழ்ந்து நின்ற பெரியவர்களாகிய நம்முடைய வரலாறும் ஆகும். அதனையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

போற்றப்பட்ட பட்டினி

உணவை ஒறுத்தல் எல்லாச் சமயங்களிலும் மதிக்கப்பட்டே வந்துள்ளது. இத்தாலி நாட்டின் சியன்னா நகரைச் சேர்ந்த புனித கேத்தரின் 1347இல் பிறந்து 1380இல் மறைந்தார். இளமை முதலே உணவைக் குறைத்துக்கொண்டே வந்த அவர், இறுதிக் காலத்தில் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாமல் 33 வயதில் காலமானார். 1985இல் ரூடால்ஃப் பெல் என்னும் வரலாற்றாசிரியர் இத்தகைய பெண் துறவியரின் வாழ்வை இன்றைய அனோரெக்சியா நோயோடு ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். ஈராண்டுகள் கழித்து, 1987இல், கரோலின் வாக்கர் பைனம் என்னும் மற்றொரு வரலாற்றாசிரியர் வேறு கருத்தை முன்வைத்தார். அக்காலப் பெண்களுக்கு உணவும் நோன்பும் ஆழ்ந்த சமயப் பொருள் உடையவை என்றும், அவற்றை ஒரு நோயின் பெயருக்குள் அடக்கிவிடல் ஆகாது என்றும் அவர் காட்டினார்.

இருவர் கூற்றையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ளல் நலம். நம் வீடுகளில் கந்த சஷ்டி விரதமும் வெள்ளிக்கிழமை விரதமும் இருக்கும் பெண்கள் நோயாளிகள் அல்லர். விரதத்திற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. விரதம் முடிந்ததும் குடும்பத்தோடு அமர்ந்து மகிழ்ச்சியாக உண்கிறோம். முடிவே இல்லாமல் நீளும் விரதம், அடுத்த வேளை உணவை எண்ணி அஞ்சும் விரதம், வேறொன்றின் போர்வையாக இருக்கக்கூடும். அதை அறியாமல் நாம் பாராட்டும்போது அந்தப் போர்வையை நாமே இழுத்துப் போர்த்திவிடுகிறோம்.

நம் இலக்கியமும் இதற்குத் துணைபோனதுண்டு. பெண்டிர் குறைவாக உண்பதே அவர்களுக்கு அழகு என்னும் பொருள்பட ஔவையாரின் கொன்றைவேந்தனில் ஓர் அடி உள்ளதைத் தமிழாசிரியர்கள் அறிவர். அந்த அடிக்கு வேறு விளக்கம் கூறுவோரும் உளர். ஆனால், சோற்றை இரண்டாம் முறை கேட்ட பேத்தியிடம் அதைச் சொல்லிச் சிரித்த பாட்டிமார் அவ்விளக்கங்களை அறிந்திருக்கமாட்டார்கள்.

எட்டு நாள் காவல்

பட்டினியைப் போற்றியதன் விளைவை அறிய வேல்ஸ் நாட்டில் நடந்த ஒரு நிகழ்வைச் சற்று விரிவாகவே கூற வேண்டும்.

சாரா ஜேக்கப் 1857இல் கார்மார்த்தன்ஷயர் வட்டாரத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவள். ஒன்பது வயதில் கடும் நோய்வாய்ப்பட்டுப் படுத்த அவள், உணவை மெல்ல மெல்லக் குறைத்தாள். 1867 அக்டோபர் மாதத்திலிருந்து அவள் எதுவுமே உண்ணவில்லை என்று பெற்றோர் ஊராரிடம் கூறினர். 1869இல் அவ்வூர்ப் பாதிரியார் இவ்வதிசயத்தை ஆராய வேண்டும் என்று செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். அதன்பின் மக்கள் திரண்டு வரத் தொடங்கினர். இரயிலில் வந்து இறங்கியவர்களுக்கு வழிகாட்டச் சிறுவர்கள் நிலையத்தில் காத்திருந்தனர். அச்சிறுமியோ பூவும் பட்டு நாடாவும் அணிந்து படுக்கையில் இருந்தபடி நூல்களை வாசித்துக் காட்டுவாள். வந்தவர்கள் வியந்து காசு வைத்துச் சென்றனர்.

உண்மையை அறிய விரும்பிய ஊர்க் குழுவினர், இலண்டன் நகரின் கைஸ் மருத்துவமனையிலிருந்து தாதியர் நால்வரை வரவழைத்தனர். 1869 டிசம்பர் 9ஆம் நாள் காவல் தொடங்கியது. சாரா கேட்டால் உணவு கொடுக்கலாம். அவள் கேட்காமல் தாமாகக் கொடுக்கக்கூடாது என்பது தாதியருக்கு இடப்பட்ட கட்டளை. அவள் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்? கேட்டால், ஈராண்டுகளாகத் தன் பெற்றோரும் ஊரும் நம்பிப் போற்றியது பொய் என்றாகிவிடும். அவள் தளர்ந்துவருவதைத் தாதியர் கண்டனர். காவலை நிறுத்தும்படி பெற்றோரிடம் கூறப்பட்டது. பெற்றோர் இணங்கவில்லை. டிசம்பர் 17ஆம் நாள் சாரா இறந்தாள். அவளுக்கு வயது 12.

1870இல் நடந்த வழக்கில் தந்தைக்கு ஓராண்டும் தாய்க்கு ஆறு மாதமும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டன. காவலுக்கு ஏற்பாடு செய்த மருத்துவர்கள் தண்டனை பெறவில்லை.

சாராவுக்கு இருந்தது இன்று நாம் அனோரெக்சியா என்று கூறும் நோய்தானா என்பதை 150 ஆண்டுகள் கழித்து யாராலும் உறுதியாகக் கூற இயலாது. என்னை உறுத்தியது வேறொன்று. அந்த அறையில் எட்டு நாளும் இரவும் பகலும் அவளைக் கண்காணிக்க ஆள் இருந்தது. அவள் வாய்க்குள் ஏதும் செல்கிறதா என்பதை மட்டுமே அக்கண்கள் பார்த்தன. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எதற்கு அஞ்சுகிறாள் என்று கேட்பது அக்காவலின் கட்டளையில் இடம்பெறவில்லை. என் வகுப்பறை எடைப்பொறியையும் நான் உரக்கச் சொன்ன எண்ணையும் நான் மீண்டும் நினைத்துப் பார்த்தது இந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான்.

பெயர் பெற்ற நோய்

இந்நோயைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு எனப் பலரும் காட்டுவது ரிச்சர்ட் மார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் 1689இல் வெளியிட்ட நூலாகும். அதில் 18 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி அவர் எழுதுகிறார். அப்பெண் இரவும் பகலும் நூல்களில் ஆழ்ந்து கிடந்தாள். உடல் எலும்பாய்த் தேய்ந்த பின்னும் மருந்தை மறுத்தாள். சில மாதங்களில் இறந்தாள். அதே நூலில் 16 வயது இளைஞன் ஒருவனின் வரலாறும் உள்ளது. படிப்பை நிறுத்திச் சிற்றூருக்குச் சென்று ஓய்வெடுக்கும்படி மார்ட்டன் அவனுக்கு அறிவுரை கூறினார். அவன் பெரிதும் தேறினான். ஆண்பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும் என்பதற்கு அப்போதே சான்று இருந்திருக்கிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளை என்பதற்காக அதன் துன்பம் கண்ணில் படாமல் போகக்கூடும் என்பதற்கும் இது சான்றுதான்.

1873இல் இரு நாடுகளில் இருவர் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்நோயை விரிவாக எடுத்துரைத்தனர். ஒருவர் பாரிஸ் நகர மருத்துவர் சார்ல் லாசேக்; மற்றவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல். சாராவைக் காவல் காத்த தாதியரை அனுப்பிய அதே கைஸ் மருத்துவமனையின் மருத்துவர்தாம் வில்லியம் கல் என்பது குறிப்பிடத்தக்கது. 'அனோரெக்சியா நெர்வோசா' என்னும் பெயரை வழங்கியவர் அவரே. பசியின்மை என்பதே அதன் நேர்ப்பொருள். உண்மையில் இப்பெயர் பொருத்தமானதன்று. இந்நோயுற்றோருக்குப் பசி இருக்கிறது; அப்பசியோடு அவர்கள் நாள்தோறும் போராடுகிறார்கள்.

பெற்றோர் அவசியம் அறிய வேண்டியது லாசேக் எழுதியதைத்தான். நோயாளியை மட்டும் பார்க்காமல் அவளைச் சுற்றியுள்ள குடும்பத்தையும் அவர் கூர்ந்து நோக்கினார். குடும்பத்தார் கையில் இரண்டே வழிகள் இருப்பதாக அவர் கண்டார். ஒன்று கெஞ்சுதல், மற்றொன்று மிரட்டுதல். விதவிதமாகச் சமைத்து வைத்துக் கெஞ்சுகிறார்கள். "என்மேல் அன்பிருந்தால் ஒரு வாய் சாப்பிடு" என்ற வகையில் வேண்டுகிறார்கள். பயனில்லை என்றதும் சினந்து மிரட்டுகிறார்கள். நாளடைவில் அவ்வீட்டில் உணவைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போகிறது. நோய் மேலும் வேரூன்றுகிறது. 1873ஆம் ஆண்டுப் பாரிஸ் வீட்டைப் பற்றிய இந்தச் செய்தியைப் படித்தபோது, என் மாணவியின் தாயார் சொன்ன எத்தனையோ செய்திகள் என் காதில் ஒலித்தன.

வில்லியம் கல்லோ ஒருபடி மேலே சென்றார். குறித்த நேரத்தில் தவறாது உணவு கொடுக்க வேண்டும். நோயாளியின் விருப்பத்திற்கு விட்டுவிடக் கூடாது என்று வலியுறுத்திய அவர், அதைச் செய்விக்க உற்றார் உறவினரே மிகவும் தகுதியற்றவர்கள் என்று கருதினார். அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள், பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவைப்பதே மருத்துவம் என்று பல இடங்களில் நம்பப்பட்டது.

பசித்த மூளை

இந்நோயைப் பிடிவாதம் என்று எண்ணுவோர் இன்றும் உளர். 'சாப்பிட்டால் சரியாகிவிடும், ஏன் சாப்பிடமாட்டேன் என்கிறாள்?' என்று நானும் கேட்டவள்தான். இதற்கு விடை தந்தது, பெண்பிள்ளைகளுக்குத் தொடர்பே இல்லாத ஓர் ஆய்வு.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில் ஐரோப்பாவில் பட்டினியால் வாடிய மக்களுக்கு எவ்வாறு உணவளித்து உடல்தேற்றுவது என்பதை அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாமாக முன்வந்தனர். அனைவரும் உடலும் உள்ளமும் நலமாக உள்ளவர்கள் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 1945இல் ஆறு மாதம் அவர்களுக்கு அரைப்பட்டினி உணவே கொடுக்கப்பட்டது.

அவர்களிடம் தோன்றிய மாற்றங்கள் ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தன. உணவைத் தவிர வேறெதையும் அவர்களால் எண்ண முடியவில்லை. சமையல் நூல்களைச் சேர்த்து வைத்துப் படித்தனர். சிறிதளவு உணவை நெடுநேரம் பிசைந்து, பிரித்து, ஆற அமர உண்டனர். நண்பர்களை விட்டு ஒதுங்கினர். சிடுசிடுப்பும் சோர்வும் மனத்தளர்ச்சியும் மிகுந்தன. சிலர் தம் உடலுக்குத் தாமே தீங்கு இழைத்துக்கொள்ளும் நிலைக்கும் சென்றனர். உணவு மீண்டும் கிடைத்த பின்னரும் அவர்கள் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆயின.

நலமான ஆடவர்களுக்கே இந்நிலை என்றால், வளரும் பருவத்துப் பெண்பிள்ளைக்கு என்ன ஆகும்? நாம் பிடிவாதம் என்றும் திமிர் என்றும் பெயரிடும் பலவும் பட்டினி மூளையில் விளைவிக்கும் மாற்றங்கள். உணவைக் குறைப்பதால் மனம் இறுகுகிறது. மனம் இறுகுவதால் உணவு மேலும் குறைகிறது. இந்தச் சுழலிலிருந்து அறிவுரையைக் கேட்டு ஒருத்தி தானாக வெளியேறிவிடுவாள் என்று எதிர்பார்ப்பது, ஆற்றுச் சுழலில் அகப்பட்டவளிடம் கரையில் நின்றுகொண்டு நீச்சல் பாடம் நடத்துவதற்கு ஒப்பாகும்.

1978இல் ஹில்டா புரூக் என்னும் மருத்துவர் 'பொற்கூண்டு' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். அவரிடம் வந்த பெண்பிள்ளைகளில் பலர் வீட்டில் சொல் கேட்பவர்கள். பள்ளியில் முதல் மாணவியர். யாருக்கும் தொல்லை கொடுக்காதவர்கள். பிறர் விருப்பப்படியே வாழ்ந்து பழகிய அவர்களுக்குத் தம் உடல் ஒன்றுதான் தம் ஆளுகைக்கு உட்பட்டதாகத் தோன்றியது. நம் பள்ளிகளில் 'நல்ல பிள்ளை' என்று யாரை அழைக்கிறோம் என்பதை ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆண்டில், 1979இல், இலண்டன் மருத்துவர் ஜெரல்டு ரசல், புலிமியா நெர்வோசா என்னும் நோயை எடுத்துரைத்தார். கட்டுப்பாடின்றி உண்டுவிட்டு, அச்சத்தால் அதை வாந்தியெடுத்து வெளியேற்றும் நோய் அது. இத்தகையோர் பார்வைக்கு மெலிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே, உடலைப் பார்த்து மட்டும் நோயை அறிய முடியாது. 1983 பிப்ரவரியில் அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பெண்டர் தம் 32ஆம் வயதில், பல ஆண்டுகள் அனோரெக்சியாவால் பாதிக்கப்பட்டு இறந்தபோதுதான் இந்நோயின் பெயரே உலகின் பெரும்பாலோருக்குத் தெரியவந்தது.

நம் கரைக்கும் வந்தது

இது வெள்ளையர் நோய் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை அசைத்தது பசிபிக் கடலிலுள்ள ஃபிஜித் தீவுகளில் நடந்த ஓர் ஆய்வு. ஃபிஜிப் பூர்வகுடி மக்களிடையே பருத்த உடலே நலத்தின் அடையாளம். ஒருவர் மெலிந்தால் உறவினர் கவலைப்படுவர். நட்ரோகா என்னும் பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அப்போதே ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 63 பள்ளி மாணவியரிடம் உணவுப் பழக்கம் பற்றிக் கேட்டறிந்தார். மூன்றாண்டுகள் கழித்து 1998இல் 65 மாணவியரிடம் அதே வினாக்களைக் கேட்டார். உணவு குறித்த கோளாறான மனப்பாங்கு உடையோர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். எடையைக் குறைக்க வாந்தியெடுப்போர் 1995இல் ஒருவரும் இல்லை, 1998இல் 11.3 விழுக்காட்டினர். சிறிய ஆய்வுதான். ஆனால் தாய்மார் அறியாத ஓர் ஆசை மூன்றே ஆண்டில் பிள்ளைகளிடம் குடிபுகுந்துவிட்டதை அது காட்டியது. இன்று நம் பிள்ளைகள் கையில் இருப்பது அந்தத் தொலைக்காட்சியைவிட நெருக்கமான திரை. படுக்கைக்கும் உடன் செல்லும் திரை.

நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 1982இல் ஏழு அனோரெக்சியா நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் கட்டுரை வெளிவந்தது. அன்று அது அரிய நோய். 1994 முதல் 2002 வரை சிகிச்சைக்கு வந்த 126 பேரைப் பற்றிய கட்டுரை 2005இல் வெளிவந்தது. அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோர் சீனர். இந்தியர் குறைவு என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. மருத்துவரிடம் வந்தவர்களின் கணக்குத்தான் அது. 'விரதம்' என்ற பெயரில் வீட்டிலேயே இருந்துவிட்ட பிள்ளை எந்தக் கணக்கிலும் வரமாட்டாள்.

அதே சிங்கப்பூரில் 1992இல் பள்ளி மாணவரின் உடற்பருமனைக் குறைக்க ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் 'டிரிம் அண்ட் ஃபிட்'. நோக்கம் நல்லதே, உடற்பருமன் உண்மையான சிக்கல்தான். எடை கூடிய மாணவர்கள் தனியே அழைக்கப்பட்டுக் கூடுதல் உடற்பயிற்சி செய்தனர். சில பள்ளிகளில் சிற்றுண்டிச்சாலையில் அவர்கள் என்ன வாங்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இருந்தது. திட்டத்தின் பெயரிலுள்ள முதலெழுத்துகள் மூன்றையும் திருப்பிப் படித்தால், பருமனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வரும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்? பகடிவதைக்கும் உணவுக் கோளாறுகளுக்கும் அது வழிவகுப்பதாகக் குறைகூறல்கள் எழுந்தன. 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவரின் முழு நலத்தையும் கருதும் அணுகுமுறை கொண்டுவரப்பட்டது. பிழையைத் திருத்திக்கொள்ள ஒரு நாடே முன்வந்தது என்பதையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மேசைக்குத் திரும்பிய பெற்றோர்

இவ்வரலாற்றில் எனக்கு நம்பிக்கை தந்த பகுதி இதுவே. வில்லியம் கல் பெற்றோரைத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கிய அதே இலண்டன் நகரில், மாட்ஸ்லி மருத்துவமனையில், 1980களில் ஒரு மருத்துவக் குழு அதற்கு நேர்மாறான வழியை ஆராய்ந்தது. முன்னர்க் கூறிய ஜெரல்டு ரசலும் அக்குழுவில் இருந்தார். மருத்துவமனையில் எடை தேறிய நோயாளிகள் வீடு திரும்பிய பின் அவர்களுக்கு எது உதவுகிறது என்று பார்த்தனர். 1987இல் முடிவுகள் வெளிவந்தன. 19 வயதுக்கு முன் நோய் தொடங்கி, மூன்றாண்டுகளுக்கு உட்பட்டே நீடித்தவர்களுக்குத் தனியாக அளித்த ஆலோசனையைவிடக் குடும்பத்தோடு சேர்ந்து அளித்த சிகிச்சையே சிறந்த பலன் தந்தது.

அம்முறையின் அடிப்படை எளிதில் விளங்கும். இந்நோய்க்குப் பெற்றோர்மீது பழி சுமத்துவதில்லை. நோய் வேறு, பிள்ளை வேறு என்று பிரித்துக் காண்கிறார்கள். சுழலில் சிக்கிய பிள்ளையால் தன் உணவைத் தானே தீர்மானிக்க இயலாத காலத்தில், பெற்றோர் அப்பொறுப்பை ஏற்கிறார்கள். வேளை தவறாமல் உணவு பரிமாறி, உண்டு முடிக்கும்வரை உடன் அமர்கிறார்கள். கெஞ்சுவதும் மிரட்டுவதும் இல்லை. "இது உனக்கு எவ்வளவு கடினம் என்று தெரியும், நான் இங்கேயே இருக்கிறேன்" என்பதுதான் அங்கே பேச்சு. பிள்ளை தேறத் தேறப் பொறுப்பை அவளிடமே திருப்பிக் கொடுக்கிறார்கள். இன்று இளையோருக்கான முதன்மைச் சிகிச்சைகளுள் ஒன்றாகப் பல நாடுகளில் இது ஏற்கப்பட்டுள்ளது.

சாராவின் படுக்கையருகே எட்டு நாள் அமர்ந்தவர்களும் உடனிருந்தவர்கள்தாம். அவர்கள் கேட்டால் கொடுக்கக் காத்திருந்தார்கள். இவர்களோ கேட்க இயலாதவளுக்குக் கொடுக்க அமர்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

உளநோய்களில் உயிரிழப்பு மிகுந்தவற்றுள் அனோரெக்சியாவும் ஒன்று. பரம்பரைக் கூறு, மனப்பாங்கு, சூழல் எனப் பல காரணங்கள் சேர்ந்தே இந்நோய் வருகிறது. ஓர் ஆசிரியையின் ஒரு சொல்லால் மட்டும் இது வந்துவிடாது என்று மருத்துவர் என் மாணவியின் தாயாரிடம் கூறினாராம். அதை எனக்கு ஆறுதலாகத்தான் அவர் சொன்னார். ஆயினும், காய்ந்த புல்லில் விழுந்த பொறிகளுள் ஒன்று என் கையிலிருந்து விழுந்ததை நான் மறக்கக்கூடாது.

ஆசிரியர்களே, எடை பார்ப்பதானால் தனியே பாருங்கள். எண்ணை உரக்கச் சொல்லாதீர்கள். இக்கட்டுரையில் யாருடைய எடையையும் நான் எழுதாததும் அதனால்தான். பட்டப்பெயரைக் கேட்டும் கேளாததுபோல் இருந்துவிடாதீர்கள். ஓய்வு நேரத்தில் தொடர்ந்து நூல்நிலையத்தில் ஒதுங்கும் மாணவி, வெயிலிலும் தடித்த மேலங்கி அணிபவள், எப்போதும் குளிர்கிறது என்பவள், உண்டதும் கழிவறைக்கு விரைபவள், தலைசுற்றல் என அடிக்கடி அமர்பவள் ஆகியோரைக் கவனியுங்கள். இவற்றுள் ஒன்றிரண்டு இருந்தாலே நோய் என்று முடிவுகட்ட வேண்டா. அவளோடு பேசுங்கள், உடலைப் பற்றியன்று, அவளைப் பற்றி.

பெற்றோரே, மாதவிலக்கு நின்றுபோதல், எடை விரைந்து குறைதல், உணவு வேளையை எப்படியாவது தவிர்த்தல் ஆகியவற்றைக் கண்டால் காத்திராமல் மருத்துவரைக் காணுங்கள். அரசாங்கக் கிளினிக்கிலிருந்தே மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரை பெறலாம். ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சி நாள் கடத்தாதீர்கள். மெலிந்த பிள்ளையை 'இப்போதுதான் அழகாக இருக்கிறாய்' என்று விருந்துகளில் பாராட்டும் உறவினரையும் மெல்லத் திருத்துங்கள்.

என் மாணவியைப் பார்க்க நான் அவள் வீட்டிற்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ சொற்களை ஆயத்தம் செய்திருந்தும், அவளைக் கண்டதும் என் வாயிலிருந்து வந்தது, "நல்லாச் சாப்பிடணும்மா" என்பதுதான். அவள் முகம் உடனே மூடிக்கொண்டது. மீண்டும் தவறு செய்துவிட்டேன் என்று புரிந்தது. சற்று நேரம் கழித்து, "அன்னிக்கு வகுப்புல நான் செஞ்சது தப்பு" என்றேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க மறந்துருப்பீங்கன்னு நெனைச்சேன், டீச்சர்" என்றாள். நான் உண்மையிலேயே மறந்திருந்தேன் என்பதை அவளிடம் சொன்னேன். அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன்.

அவள் தேறுவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. நடுவில் இருமுறை மீண்டும் மருத்துவமனைக்குச் சென்றாள். அவள் தாயார் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு மூன்று வேளையும் அவளோடு அமர்ந்தார். இன்று அவள் நலமாக வேலைக்குச் செல்கிறாள். தன் பெயரையும் ஊரையும் குறிப்பிடாமல் எழுதலாம் என்று அவளே கூறியதால்தான் இதனை எழுதினேன்.

எங்கள் பள்ளியில் இப்போது எடைப்பொறி நூல்நிலையத் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. ஒவ்வொருவராக வருவார்கள். நானே பார்த்து நானே எழுதிக்கொள்கிறேன். ஒரு பாடவேளைக்குள் முடிவதில்லை. இரண்டு நாள் ஆகிறது. ஆகட்டும்.